முழங்கால் தண்ணீர்

ஜூன் 18, செவ்வாய்

தண்ணீர் 31.

இந்த நோட்டைக் கொடுத்தவர், சதுப்பை ஆராய வந்திருக்கிற பர்வீன் மேடம். எங்கள் ஊர்க் கழியில் நட்டிருக்கிற எண் போட்ட கட்டையில் தண்ணீர் எதைத் தொடுகிறது என்று தினமும் காலையில் பார்த்து, தேதி போட்டு எழுத வேண்டும். மழை, பறவை என்று வேறு எதைப் பார்த்தாலும் எழுதலாம் என்றார். நான் ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். நான் எங்கே விட்டேன், வாத்தியார்தான் விடச் சொன்னார். அவர் நடக்கிற மாதிரி நடந்து காட்டினேனாம். எழுத்துக் கூட்டி எழுதுவேன். இவ்வளவு தாளில் வெறும் எண்ணை எழுத மனசு வரவில்லை.

தாழங்கழி எங்கள் ஊர்ச் சதுப்பு. மழைத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலந்து நிற்கும். அது எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று கோர்ட் கேட்டிருக்கிறது. மழைக்கு முன்னால் அளந்து எல்லைக்கல் நட வேண்டும். கல்லுக்கு உள்ளே வீடு இருந்தால் காலி செய்ய வேண்டும். வெளியே இருந்தால் எங்கள் கழிக்கரைத் தெருவின் இருபத்து நாலு வீட்டுக்கும் பட்டா. என் மாமனார் மனு எழுதி எழுதியே செத்துப்போன பட்டா.

அளக்கிறவர்களுக்குக் கோல் பிடிக்க ஆள் வேண்டும் என்றார்கள். கழியில் எங்கே காலை வைத்தால் கால் திரும்பி வரும் என்று தெரிந்தவளாக இருக்க வேண்டும். தலையாரி கோதண்டம் என் பெயரைச் சொன்னார். வீட்டுக்காரர் தணிகாசலம் உப்பளத்திலிருந்து வந்ததும் சொன்னேன். "வாயை வூட்லயே வச்சிட்டுப் போ" என்றார். முப்பது வருஷத்தில் அவர் சொன்ன ஒரே நல்ல புத்தி. நான் எங்கே கேட்டேன்.

ஜூன் 20, வியாழன்

தண்ணீர் 30. நாரை நாலு.

சர்வேயர் ஜெயசீலன் சார் இன்றைக்குத் தொடை வரை சேற்றில் இறங்கிவிட்டார். நான் சொன்ன இடத்தில் கால் வைக்காமல், பச்சையாகத் தெரிந்த இடத்தில் வைத்தார். இழுத்து எடுத்தோம். செருப்பு வரவில்லை. அந்த இடத்தையும் கழிக்குள்தான் சேர்ப்பீர்களா, செருப்புக்குப் பட்டா உண்டா என்று கேட்டேன். முறைத்தார். பிறகு சிரித்தார். சிரிக்கிற அதிகாரி கெட்டவராக இருக்க மாட்டார்.

எல்லை என்றால் வேலி மாதிரி ஏதாவது இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் கிடையாது. இன்றைக்கு ஈரம், நாளைக்கு வெடிப்பு. மேடம் மூன்று விஷயம் பார்க்கிறார். என்ன செடி முளைக்கிறது, மண் எப்படி இருக்கிறது, தண்ணீர் எதுவரை வந்து நின்றது. மண்ணைத் துளைபோட்டு எடுத்து, விரலில் தேய்த்து, மோந்து பார்க்கிறார். உப்பு போதுமா மேடம் என்று கேட்டேன். "கொஞ்சம் தூக்கல்" என்றார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

மத்தியானம் தாழைப் புதர் நிழலில் சாப்பிடும்போது, கழி எங்கே முடிகிறது என்று உங்களுக்காவது தெரியுமா என்று கேட்டேன். கழி எங்கேயும் முடிவதில்லை, மெதுவாகக் குறைந்துகொண்டே போகும், கோடு நாம் போடுவதுதான் என்றார். பிறகு, "அதனாலதான் பயமா இருக்கு அக்கா" என்றார். படித்தவர்கள் பயத்தைக்கூட அழகாகச் சொல்கிறார்கள்.

ஜூன் 22, சனி

தண்ணீர் 29.

எங்கள் தெருவுக்கு வந்தார்கள். இங்கே மூன்றில் இரண்டு விஷயம் உதவவில்லை. தெருவில் செடி இல்லை, தினமும் பெருக்குகிறோம். மண்ணில் சாம்பலும் கிளிஞ்சலும் கோழி எச்சமும் கலந்து கிடக்கிறது. மேடம் ஐந்து இடத்தில் துளை போட்டும் ஒன்றும் புரியவில்லை என்றார். இனித் தண்ணீர்தான் சொல்ல வேண்டும். பூங்காவனம் தன் வீட்டு வாசலில் போட்ட துளையைக் காலால் மூடிவிட்டு, "தண்ணியக் கேக்கறதுக்கு எங்களக் கேக்கலாமில்ல" என்றாள்.

பூங்காவனம் அடுத்த வீடு. எனக்கு ஒருவகையில் நாத்தனார் முறை. வாயில் எனக்குச் சமம். அவள் மகன் யுவராஜ் போலீஸ் பரீட்சை எழுதித் தேறி, உத்தரவுக்குக் காத்திருக்கிறான். அவன் உத்தியோகத்துக்குப் போனதும் முதலில் என்னைத்தான் பிடித்து உள்ளே வைப்பான் என்பாள்.

ஜூன் 24, திங்கள்

தண்ணீர் 28.

வடகரை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் லாரி லாரியாகச் செம்மண் கொட்டி, மேடாக்கி, மனை பிரித்து மஞ்சள் கல் நட்டிருக்கிறார். வாசலில் வளைவு, இரண்டு பக்கமும் சிமெண்ட் யானை. அந்த யானைக்குக் கீழேதான் நானும் பூங்காவனமும் ஓலைப் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்புத் தண்ணீரில் இறால் தடவினோம். ஊரிலேயே பெரிய இறால் அங்கேதான்.

மேடம் துளை போட்டார். செம்மண். இன்னொன்று. செம்மண். துளைக்கிற கம்பி தீர்ந்துபோனது, செம்மண் தீரவில்லை. ஆழமாகத் தோண்ட மனைக்காரர் அனுமதி கொடுக்கவில்லை. செடி ஒன்றும் இல்லை, காகிதப்பூ வைத்திருக்கிறார்கள். சர்வேயர் சார், இங்கே தண்ணீர் நின்றதற்கு ஏதாவது ஆதாரம் உண்டா என்று கேட்டார்.

"இங்க குடியிருந்தது யாரு சார்? நானு, பூங்காவனம், அப்புறம் எறா. எறா போயி வெள்ள நிவாரணம் கேக்குமா?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். கோதண்டம்கூடச் சிரித்தார். சார் சிரித்து முடித்து, பேனாவைத் தட்டிக்கொண்டு, "நிவாரணப் பதிவேடு ஒண்ணு இருக்கும்ல?" என்று அவரிடம் கேட்டார்.

ஜூன் 25, செவ்வாய்

தண்ணீர் 28. வெயில்.

ஜூலை 1, திங்கள்

தண்ணீர் 25.

கோதண்டம் பதிவேட்டைக் கொண்டுவந்தார். போன கார்த்திகைப் புயலில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவர்களுக்கு நிவாரணம் கொடுத்த பதிவேடு. போன வருஷம்தான் முதல்முறையாகப் போட்டோவும் ஒட்டியிருக்கிறார்கள். எங்கள் தெருவில் இருபத்து மூன்று வீடு. ஒவ்வொரு போட்டோவிலும் வீட்டுக்கு ஒருவர், சுவரில் தண்ணீர் நின்ற கோட்டின் மேல் விரல் வைத்துக்கொண்டு நிற்கிறார். பூங்காவனம் பட்டு ஜாக்கெட் போட்டுக்கொண்டு நிற்கிறாள். வெள்ளத்தில் எல்லாம் போய்விட்டது, பட்டு ஜாக்கெட் மட்டும் மிதந்து வந்தது.

எதை எழுதினாலும் சரி என்றுதானே மேடம் சொன்னார், எழுதுகிறேன். புயலுக்குத் தண்ணீர் எங்கள் பின்பக்க முள்வேலி வரைதான் வந்தது. எனக்குத் தெரிந்து வேலியைத் தாண்டி வந்ததே இல்லை. அந்தக் கோடெல்லாம் நான் போட்டது. கழிச் சேற்றை வாளியில் கரைத்து, தென்னை விளக்குமாற்றால் சுவரில் ஒரே இழுப்பு. ரொம்ப நேராக இருந்தால் ஆபீசருக்குச் சந்தேகம் வரும். அங்கங்கே நுரை ஒதுங்கினது போலச் சாம்பல் தெளிக்க வேண்டும். கோரைத் துண்டு இரண்டை ஒட்டிவிட்டால் கழியே வந்து படுத்துப் போன மாதிரி இருக்கும். அளவுக்கு என் முழங்கால். ஒவ்வொரு வீட்டிலும் தரையில் நின்று, முழங்காலுக்கு நேராக இழுப்பேன். நாலைந்து வருஷமாக எங்கள் தெருவுக்கு நான்தான் புயல். கோதண்டத்துக்கும் தெரியும். அவர் தங்கச்சி வீட்டுச் சுவருக்கும் போட்டிருக்கிறேன்.

என் வீடு மட்டும் பதிவேட்டில் இல்லை. 'நீர் புகவில்லை' என்று எழுதியிருக்கிறது. அப்போது மகள் சுகந்தியைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். சுவருக்கு நீலம் அடித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஒரு மூட்டை அரிசிக்காக அதில் சேற்றைப் பூச எனக்கு மனசு வரவில்லை.

சார் ஒவ்வொரு போட்டோவாகப் பார்த்து, "எல்லாமே முழங்கால் அளவு" என்று எழுதிக்கொண்டார். சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். கோதண்டம் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். நானும் சிமிட்டிவிட்டேன்.

ஜூலை 3, புதன்

தண்ணீர் 24.

முக்காலியில் தூரக்கண்ணாடியை வைத்து சார் பார்க்க, ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் அந்தக் கோட்டில் நான் கோல் பிடித்தேன். பல வீட்டில் கறை இன்னும் போகவில்லை. நல்ல சேறு.

பத்தாவது வீட்டில் சார் நின்றார். எண்களை மேடத்திடம் காட்டினார். மேடம் என்னிடம் வந்தார். தண்ணீர் என்றால் ஒரே மட்டமாக நிற்க வேண்டும் அக்கா, இந்த வீட்டுக் கோடு பக்கத்து வீட்டுக் கோட்டை விட ஒரு சாண் மேலே இருக்கிறது, அடுத்த வீட்டில் அரை முழம் கீழே, தண்ணீர் படி ஏறி இறங்குமா என்றார். ஒவ்வொரு வீட்டுத் தரையும் ஒவ்வொரு உயரம் என்பது, கோடு போட்ட நாளில் எனக்கு எங்கே தோன்றியது.

தெரு மொத்தமும் வாசலில் நின்று என் வாயையே பார்த்தது. பூங்காவனம் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"காத்து மேடம். கெழக்க இருந்து அடிச்ச காத்து. அலை அலையா வந்திச்சி. ஒரு வூட்டுல ஏறும், ஒரு வூட்டுல எறங்கும். என்னையக் கேட்டாத் தெரியும், நான்தான கோல் புடிச்சேன் அன்னிக்கும்" என்றேன்.

தெரு சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சார், புயல் அலை என்றால் இருக்கக்கூடியதுதான், எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்துக்கொள்ளலாம் என்றார். மேடம் சரி என்றார்.

சாயங்காலம் பூங்காவனம் குழம்பு கொடுத்தனுப்பினாள். தெருவைக் காப்பாற்றினேனாம். பொய் சொல்லி நிவாரணம் வாங்கின கேஸ் வராமல் காப்பாற்றினேன் என்று எனக்கும் சந்தோஷம்.

ஜூலை 4, வியாழன்

தண்ணீர் 24. குழம்பில் உப்பு இல்லை என்று பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னேன். அடிக்க வந்தாள்.

ஜூலை 19, வெள்ளி

தண்ணீர் 17.

பஞ்சாயத்து ஆபீஸில் வரைபடம் ஒட்டியிருக்கிறார்கள். எல்லாம் சின்னச் சின்ன எழுத்து, மற்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. ஒரு மாதம் அவர்களோடு சேற்றில் நடந்தவள்.

நீலக் கோடு கழியின் எல்லை. வடகரை மனைப்பிரிவு முழுக்க வெளியே. அங்கே கோடு யானைக்குக் கும்பிடு போட்டு வளைந்து போகிறது. எங்கள் பக்கம் வரும்போது கிழக்கே தெருக்கோடியில் நுழைந்து, இருபத்து மூன்று வீட்டையும் உள்ளே எடுத்துக்கொண்டு, மேற்கே பூங்காவனம் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சந்து வழியாக வெளியே போகிறது. சார் எடுத்த சராசரித் தண்ணீர் என் வாசல்படிக்கு இரண்டு விரல் கீழே நின்றுவிட்டதாம். என் வீடு தெருவின் மேட்டுத் தலைப்பில் இருக்கிறது. பதிவேடும் புகவில்லை என்கிறது.

அன்றைக்குத் தண்ணீர் வரவில்லை என்று சொல்லியிருந்தால் தெருவே வெளியே இருந்திருக்கும். முழங்கால் தண்ணீருக்கு அரிசி கொடுத்தார்கள். இப்போது அதே தண்ணீருக்கு வீட்டைக் கேட்கிறார்கள்.

ஆட்சேபம் சொல்ல ஆகஸ்ட் பதினாலு வரை நேரம் இருக்கிறது.

வழியில் பூங்காவனம், "படத்துல இன்னாக்கா போட்டிருக்கான்?" என்று கேட்டாள். கண்ணாடி எடுத்துப் போகவில்லை என்று சொன்னேன்.

ஜூலை 20, சனி

தண்ணீர் 17. பறவை இல்லை.

ஜூலை 23, செவ்வாய்

தண்ணீர் 15. சுகந்தி மாப்பிள்ளையோடு வந்தாள். பட்டா கிடைத்தால் அதை வைத்துப் பின்னால் ஒரு ரூம் இழுக்கலாம் என்று மாப்பிள்ளை சொன்னார். கோழி அடித்தேன்.

ஜூலை 29, திங்கள்

தண்ணீர் 12.

ஜூலை 31, புதன்

தண்ணீர் 11. வெடிப்பு விட ஆரம்பித்துவிட்டது. பூங்காவனம் இறால் தடவக் கூப்பிட்டாள். முதுகு வலி என்றேன். முதுகு நன்றாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

தண்ணீர் 19. இரண்டு நாள் மழை.

யுவராஜ் போனில் வரைபடத்தைப் போட்டோ எடுத்து வந்து, பெரிதாக்கித் தெருவுக்குக் காட்டிவிட்டான். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பூங்காவனம் சந்துக்கு வந்து நின்றாள். பின்னால் ஏழெட்டுப் பேர்.

"உனுக்குப் படம் படிக்கத் தெரியுமில்ல?" என்றாள்.

தெரியும் என்றேன்.

"எப்போ பாத்த?"

நான் ஏதாவது தமாஷாகச் சொல்வேன் என்று எதிர்பார்த்தார்கள் போல. பத்தொன்பதாம் தேதி என்றேன். அவள் விரல்விட்டு எண்ணினாள், சத்தமாக, ஒவ்வொரு நாளாக. பதினெட்டு வரை எண்ணினாள்.

கோல் பிடித்தவள் தன் வீட்டைத் தப்பவைத்துக்கொண்டாள் என்று தெருவில் பேசுகிறார்கள். சர்வேயருக்கு இறால் வறுத்துக் கொடுத்தாளாம். கொடுத்தது உண்மைதான். எல்லோருக்கும்தான் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

தண்ணீர் 18.

ஆட்சேப விசாரணையில் உள்ளதைச் சொல்லப்போகிறேன் என்று தணிகாசலத்திடம் சொன்னேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார். கோடு போட்டவள் நீதான், சொன்னால் நம் பட்டாவும் போகும் என்றார். நீலம் அடித்த சுவரைப் பார்த்தார். பிறகு, உன் இஷ்டம் என்று படுத்துவிட்டார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் பழியை அவர்மேல் போட்டிருப்பேன். அது அவருக்குத் தெரியும்.

மேடத்துக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

தண்ணீர் 16.

கோதண்டம் சாயங்காலம் வீடு வீடாகப் போனார். என் வீட்டுக்கு வரவில்லை. சந்தில் நின்று பூங்காவனத்திடம் பேசியது எனக்குக் கேட்டது. தண்ணீர் வரவில்லை என்று எவனாவது சொன்னால், பொய் சொல்லி நிவாரணம் வாங்கினதாகத் தெரு மொத்தத்தின் மேலும் கேஸ் வரும். போட்டோவும் கைநாட்டும் ஆபீஸில் இருக்கிறது. வீட்டுக்குப் பதில் வேறு வீடு தருகிறார்கள். கேஸுக்குப் பதில் என்ன தருவார்கள் என்று கேட்டார். உன் மகன் உத்தரவு வேறு வரவேண்டியிருக்கிறது என்றார்.

ஆகஸ்ட் 14, புதன்

தண்ணீர் 16.

தாலுகா ஆபீஸ் மேல்மாடி. பெரிய அதிகாரி நடுவில், சர்வேயர் சாரும் மேடமும் ஓரத்தில். எங்கள் தெருவே வந்திருந்தது. பேருந்தில் என் பக்கத்து இடம் மட்டும் காலியாகவே வந்தது, அவ்வளவு கூட்டத்திலும்.

மனைக்காரருக்கு ஒரு வக்கீல் வந்திருந்தார். ஆட்சேபம் இல்லை, எல்லை மிகச் சரியாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார். அங்கே இறால் தடவினோம் என்று நான் எழுந்து சொன்னேன். ஆதாரம் என்ன என்றார்கள். பெரிய இறால் என்றேன். அது தமாஷுக்குச் சொன்னதில்லை. என்னிடம் வேறு ஆதாரம் இல்லை.

எங்கள் தெருவின் முறை வந்தது. நான் எழுந்தேன்.

"சார், அந்தக் கோடு தண்ணி போட்டதில்ல. நான் போட்டது. வெளக்கமாத்துல" என்றேன்.

சிரிப்பு வந்தது. அதிகாரிகள் பக்கமிருந்து இல்லை, எங்கள் ஆட்கள் பக்கமிருந்து. நான் வாயைத் திறந்தாலே சிரித்துச் சிரித்துப் பழகிவிட்டார்கள். சிரித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று அவர்களுக்கு உறைத்தது. நான் விடாமல் சொன்னேன். சேறு, சாம்பல், கோரைத் துண்டு, என் முழங்கால், தரை உயரம் மாறினதால் கோடு மாறினது, காற்று என்று சொன்னது பொய், எல்லாம். சர்வேயர் சார் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் சொன்னதை எழுதிக்கொண்டிருந்தவரை அதிகாரி நிறுத்தச் சொன்னார். இந்தம்மா சொல்வது உண்மையானால் இருபத்து மூன்று பேரும் அரசாங்கத்தை ஏமாற்றியிருக்கிறீர்கள், உண்மையா என்று தெருவைப் பார்த்துக் கேட்டார்.

பூங்காவனம் எழுந்தாள். அதே பட்டு ஜாக்கெட். நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அவளுக்கு அது ஒன்றுதான்.

"தண்ணி வந்திச்சி சார். முழங்கால் தண்ணி. எம்புள்ளயத் தோள்ல தூக்கி வச்சிக்கினு நின்னேன். அவ எப்பவும் இப்படித்தான் வெளையாட்டாப் பேசுவா, மனசுல வச்சுக்காதீங்க" என்றாள்.

யுவராஜுக்கு இருபத்து மூன்று வயது. தூக்கி வைத்துக்கொண்டாளாம்.

அவள் உட்கார்ந்த பிறகு ஒவ்வொருவராக எழுந்து, வந்தது சார், வந்தது சார் என்று சொன்னார்கள். நான் கோடு போட்ட வரிசையிலேயே சொன்னார்கள். கடைசி ஆள் சொல்லி முடித்ததும் அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

மாடிப்படியில் மேடம் என்னை நிறுத்தினார். முகம் வீங்கியிருந்தது. பதிவேட்டை மீறி எழுத இனி எதுவும் இல்லை, அறிக்கை கோர்ட்டுக்குப் போகிறது என்றார். பிறகு, "ஜூலை மூணாம் தேதி உங்களை நேரா பார்த்துக் கேட்டேன் அக்கா. அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்தக் கோடுகளைக் கணக்குலயே நான் எடுத்திருக்க மாட்டேன்" என்றார்.

நீங்கள் மட்டும் ஏன் அன்றைக்குச் சிரிக்கவில்லை என்று கேட்க நினைத்தேன்.

பேருந்தில் பூங்காவனம் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தாள். ஊர் நெருங்கும்போது திரும்பாமலே பேசினாள். "வூடு போனா இன்னொரு வூடு. கேசு வந்தா எம்புள்ளைக்கு இன்னொரு உத்தியோகம் நீ தருவியா? இப்போ வந்து நல்லவ ஆவற. ஒனக்கு நல்லவ ஆவறதுக்குக்கூட நாங்கதான் செலவு."

ஆகஸ்ட் 15, வியாழன்

தண்ணீர் 16. கொடியேற்றினார்கள்.

செப்டம்பர் 10, செவ்வாய்

தண்ணீர் 22.

கோதண்டம் நோட்டீஸ் கொண்டுவந்தார். கிழக்கிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு வீட்டிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தார். ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும். நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் அடுக்குமாடி. கழியும் இல்லை, கடலும் இல்லை. நான் வாசலில் நின்றேன். பூங்காவனம் வீட்டில் கொடுத்துவிட்டுக் கையில் ஒன்றும் இல்லாமல் என் வாசலைத் தாண்டிப் போனார். எனக்கும் ஒரு நோட்டீஸ் இருந்திருந்தால் வாங்கிக்கொண்டு எல்லோரோடும் சேர்ந்து மண்ணை வாரித் தூற்றியிருப்பேன்.

பூங்காவனம் தன் நோட்டீஸால் விசிறிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "ஒங்க வூட்டுப் படிக்கு ரெண்டு வெரல் கீழயே நின்னுடுச்சாமே தண்ணி. மரியாத தெரிஞ்ச தண்ணி."

இத்தனை வருஷத்தில் அவள் சொன்னதிலேயே இதுதான் நல்ல தமாஷ். சிரிக்க ஆள் இல்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

தண்ணீர் 24. எல்லைக்கல் வந்து இறங்கியது. தூக்கக் கூப்பிட்டார்கள். போகவில்லை. வேறு ஊர் ஆட்கள் வந்து நட்டார்கள். சந்தில் நட்ட கல் கொஞ்சம் என் பக்கம் சாய்ந்திருக்கிறது.

செப்டம்பர் 30, திங்கள்

தண்ணீர் 29. யுவராஜுக்கு உத்தரவு வந்துவிட்டதாகத் தணிகாசலம் சொன்னார். தெருவுக்கெல்லாம் இனிப்பு கொடுத்தார்களாம்.

அக்டோபர் 9, புதன்

தண்ணீர் 41.

நாலு லாரி வந்தது. கட்டில், பீரோ, கிரைண்டர், கோழிக்கூடு எல்லாம் ஏற்றினார்கள். யாரும் அழவில்லை, மழை வருவதற்குள் தார்ப்பாய் கட்ட வேண்டும் என்கிற அவசரம். நான் மோர் கரைத்து ஒரு குடத்தில் வாசலில் வைத்தேன். குழந்தைகள் மட்டும் வந்து குடித்தன. அவற்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

எல்லாம் ஏற்றியும் வண்டியை எடுக்கவில்லை. புதிதாக வந்திருந்த அதிகாரி ஒரு தாளோடு அங்குமிங்கும் அலைந்தார். மகஜர் என்றார். குடியிருந்தவர்கள் தாங்களாகவே மனமொப்பிக் காலி செய்தார்கள் என்று இரண்டு சாட்சி கையெழுத்துப் போட வேண்டும். சாட்சி இந்தத் தெருவில் குடியிருக்கிறவராக இருக்க வேண்டும். கோதண்டம் எப்படியோ ஒன்றைப் போட்டுவிட்டார். இன்னொன்றுக்குத் தெருவில் யார் இருக்கிறார்கள் என்று அதிகாரி கேட்டார். கோதண்டம் என் வீட்டைக் காட்டினார்.

வாசித்துக் காட்டினார்கள். மனமொப்பி என்ற இடத்தில் நான் நிறுத்தச் சொன்னேன். எனக்குத் தெரியாது, நான் போட மாட்டேன் என்றேன். போடாவிட்டால் வண்டி நகராது, நாளைக்குத்தான் என்றார் அதிகாரி. தூறல் ஆரம்பித்திருந்தது. லாரிமேல் மூட்டைகளுக்கு நடுவில் பிள்ளைகளை உட்கார வைத்திருந்தார்கள். வீடுகளில் கதவு நிலையெல்லாம் ஏற்கெனவே பெயர்த்தாகிவிட்டது.

தணிகாசலம் பின்னால் வந்து நின்றார். நம் பட்டாவும் இந்த அதிகாரியின் மேசையில்தான் இருக்கிறது என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

பூங்காவனம் லாரியிலிருந்து இறங்கி வந்தாள். இரண்டு மாதத்தில் இன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்த்தாள்.

"போடுக்கா" என்றாள்.

நான் அவளையே பார்த்தேன். ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"போட்டுட்டுப் போ. பசங்க நனையுது" என்றாள்.

தாளை மோர்க்குடத்து மூடிமேல் வைத்துப் போட்டேன். சுருக்கிப் போட்டால் செல்லாது, முழுப்பெயர் எழுத வேண்டும் என்றார் அதிகாரி. அஞ்சலாட்சி என்று எழுத்துக் கூட்டி எழுதினேன். ஒவ்வொரு எழுத்துக்கும் அவள் பக்கத்திலேயே நின்றிருந்தாள். எழுதி முடித்து நிமிர்வதற்குள் லாரியில் ஏறிவிட்டாள்.